வீடு திரும்பிய பின்

‘வீடு' என்னும் சொல்லுக்கு நம் தமிழில் இரு பொருள் உண்டு. நாம் குடியிருக்கும் இல்லம் ஒன்று. பற்றுகளினின்று விடுபட்ட நிலை மற்றொன்று. அறம், பொருள், இன்பம், வீடு என்று நாற்பொருளை வகுத்த நம் முன்னோர், வாழ்வின் இறுதியில் பெறத்தக்க பேற்றுக்கும், அடுப்பும் திண்ணையும் உடைய மனைக்கும் ஒரே பெயரை வழங்கியது எதனால் என்று நாங்கள் பலகால் எண்ணியதுண்டு. அதற்கு இலக்கணம் கூறும் புலமை எங்களுக்கு இல்லை. ஆயினும், கடல் கடந்து சென்று ஐந்து வாரம் தொண்டு செய்து மீண்ட பிறகு, அடுப்பும் திண்ணையும் உள்ள அந்த வீட்டிற்குத் திரும்புவதே எளிய செயல் அன்று என்பதை மட்டும் கற்றுக்கொண்டோம். அதனைச் சங்க மலரின் வாயிலாக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நாங்கள் சித்தூரில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர். எங்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியராகவும், மற்றவர் செவிலியாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். வந்தேறிகள் என்று எங்களைச் சொல்வதா, பூர்வ குடிகள் என்பதா என்பது எங்களுக்கே விளங்காத புதிர். வட ஆர்க்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்த சித்தூர், 1911இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது நாங்கள் இருந்த இடத்தில் இருந்துகொண்டே வேறு மாநிலத்தவர் ஆனோம். 1960இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. வேங்கட மலையைத் தமிழகத்தின் வட எல்லையாகப் பழம்பாயிரம் கூறும். அந்த எல்லைக்கோட்டின் மேலேயே வீடு கட்டிக் குடியிருப்பவர் நாங்கள். கடைத்தெருவில் தெலுங்கு, கோயிலிலும் ஆலயத்திலும் இரு மொழியும், அடுக்களையில் தமிழ் என்று எங்கள் நாட்கள் செல்கின்றன.

இனி, யாழ்ப்பாணத்திற்கு நாங்கள் சென்ற காரணத்தைச் சொல்லவேண்டும். சித்தூர்க் கிறித்தவர்களுக்கு யாழ்ப்பாணம் ஒருவகையில் தாய்வீடு. ஜான் ஸ்கடர் என்னும் அமெரிக்க மருத்துவர் 1819இல் கப்பலேறி இலங்கை வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவத் தொண்டு செய்தார். பின்னர் 1836இல் சென்னைக்குப் பெயர்ந்தார். அவருடைய புதல்வர்கள் 1853இல் ஆர்க்காட்டு மிஷனை நிறுவினர். வேலூர், சித்தூர், ஆரணி முதலிய ஊர்களில் பள்ளியும் மருந்தகமும் ஆலயமும் எழுந்தது அந்த வழியில்தான். வேலூரில் இன்று ஓங்கி நிற்கும் மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையார் அந்த மருத்துவரின் பெயர்த்தியே. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணமும் அதன் ஒரு பேராயமாக இணைந்தது. ஆக, இடையே கடல் இருந்தும் சபை ஒன்றாகவே இருந்தது. போர் முடிந்த வடபுலத்தில் சிறு மருத்துவ முகாம்களும், மாணவர்க்கு மாலை வகுப்புகளும் நடத்தச் சிலர் புறப்படுகின்றனர் என்று கேள்வியுற்றபோது, ஓய்வு பெற்ற நாங்களும் உடன் சென்றோம். அது 2018ஆம் ஆண்டு.

எங்களோடு வாழ்ந்த அன்னையாருக்கு அப்போது வயது எண்பத்திரண்டு. “போய் வாங்க, எனக்கு என்ன குறை” என்று அவரே பெட்டியில் எங்கள் துணிகளை மடித்து வைத்தார். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மையாரிடம், “கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பால்காரரிடம் சொல்வதுபோல அதையும் சொன்னோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கின்றோம்.

யாழ்ப்பாணத்தில் கண்டவற்றை விரித்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. போர்க்காலத்தில் நின்றுபோய் 2014இல் மீண்டும் யாழ் நகரை எட்டிய புகைவண்டியில் கொழும்பிலிருந்து சென்றோம். ஆறில்லாத அந்த மண்ணில் கிணறே உயிர். மானிப்பாயில், 1847இல் வந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய சாமுவேல் கிறீனின் பெயர் தாங்கிய மருத்துவமனையைக் கண்டு எங்களுள் செவிலியானவர் கண் கலங்கினார். ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் மருந்து கொடுத்தவர் அல்லவா அவர்! முகாம்களில் முதியோரின் கால்களைக் கழுவி, புண்களுக்குக் கட்டுப் போடும் வேலை அவருக்கு. மாலையில் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கும் வேலை மற்றவருக்கு.

வன்னிப் பகுதியில் ஒரு முகாமில், இரு புதல்வர்களைப் போரில் இழந்த மூதாட்டி ஒருவர் தம் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை எங்களுக்கு இட்டு, தேநீரும் பனங்கட்டியும் தந்தார். ஊர், உறவு எல்லாம் வினவிய பிறகு, “உங்கட அம்மா இப்ப ஆரோட இருக்கிறா?” என்று கேட்டார். “பக்கத்து வீட்டில் நல்லவர்கள் இருக்கிறார்கள், அம்மா” என்றோம். அவர் ஒன்றும் சொல்லாமல் எங்களைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையின் பொருள் அன்று எங்களுக்கு எட்டவில்லை.

ஐந்து வாரம் கழித்துச் சித்தூர் திரும்பினோம். வந்தவுடன் எங்களுக்குப் பிடித்த நோய்க்கு ‘அங்கே' என்று பெயரிடலாம். குழாயில் தண்ணீர் வழிந்தால், “அங்கே ஒரு குடம் நீருக்கு…” என்று தொடங்குவோம். திருமணப் பந்தியில் இலையில் சோறு மிஞ்சினால், “அங்கே…” என்போம். மாம்பழக் காலம் அது. வண்டி வண்டியாகத் தோதாபுரி மாங்காய்கள் சாறு ஆலைகளுக்குச் செல்லும் சாலையில் நின்றுகொண்டு, விலை போதவில்லை என்று வருந்திய உழவர் ஒருவரிடமும் “அங்கே…” என்று ஆரம்பித்துவிட்டோம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தெருப் பிள்ளைகள் நாங்கள் எத்தனை முறை ‘அங்கே' என்கிறோம் என்று விரல் விட்டு எண்ணியதை ஒருநாள் கண்டுகொண்டோம்.

எங்கள் சபையில் பயண அனுபவம் கூறப் பத்து மணித்துளி அளித்தனர். இரவெல்லாம் விழித்துக் குறிப்பெழுதிச் சென்றோம். நாற்காலி ஈந்த மூதாட்டியைப் பற்றிச் சொல்லும்போது எங்களுக்குக் குரல் தழுதழுத்தது. கூட்டம் முடிந்ததும், அங்கே கறுவாப்பட்டை என்ன விலை, கடற்கரை பார்த்தீர்களா என்றுதான் கேட்டனர். சினமும் துயரமும் எங்களை ஒருங்கே கவ்வின. ‘இவர்களுக்கு என்ன தெரியும்' என்னும் எண்ணம் எங்கள் உள்ளத்தில் குடிபுகுந்தது. கல்லில் இட்ட தோசை போல ஒவ்வொரு நாளும் எதையாவது சொல்லிக் கரிந்துகொண்டிருந்தோம். பணி முடித்து வந்தவர்க்கு இருக்கவேண்டிய அமைதி எங்களிடம் இல்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்தது அன்று என்று பின்னர்ப் படித்தறிந்தோம். அமெரிக்கா சென்று கற்ற நார்வே நாட்டவரை ஆராய்ந்த லிஸ்கார்டு என்பவர் 1955இல் ஒரு கருத்தை வெளியிட்டார். அயல்நாடு செல்வோரின் மனம் தொடக்கத்தில் மகிழ்ந்து, இடையில் சோர்ந்து, பின் தேறுகிறதாம். கிண்ணத்தின் வடிவில் இறங்கி ஏறுவது அதன் போக்கு. 1963இல் கல்லஹார்ன் என்னும் பெயருடைய ஆய்வாளர் இருவர் அதனுடன் மற்றொன்றைச் சேர்த்தனர். தாயகம் திரும்பிய பிறகு இரண்டாவது கிண்ணம் ஒன்று உண்டு என்பதே அது. அயலூரில் துன்பம் வருமென்று எதிர்பார்த்துச் செல்கிறோம். சொந்த ஊரில் அதனை எதிர்பார்ப்பதில்லை. ஆதலின் இரண்டாம் பள்ளத்தில் விழும்போது, பள்ளம் ஒன்று உண்டென்பதே நமக்குத் தெரிவதில்லை. பக்கத்தில் நிற்பவர் தள்ளிவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். விடுப்பில் ஊர் சென்று, உறவினரோடு ஒட்டாமல் திரும்பி வரும் நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றிற்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

மூன்று வாரம் இவ்வாறு சென்றது. ஒருநாள் அன்னையாரின் இரும்புப் பெட்டியில் போர்வை தேடியபோது, மடித்த சேலைகளுக்கு அடியில் ஓர் எக்ஸ்ரே படமும் மருத்துவச் சீட்டும் கிடைத்தன. திருப்பதியில் உள்ள மருத்துவமனை ஒன்றின் சீட்டு அது. அதில் இருந்த தேதி, நாங்கள் யாழ்ப்பாணம் சென்ற இரண்டாம் வாரத்தைச் சேர்ந்தது.

அன்னையார் இடக்காலைச் சற்று இழுத்து நடந்ததை நாங்கள் கண்டிருந்தோம். “வாதம்” என்றார், சரி என்று விட்டுவிட்டோம். முப்பத்தோர் ஆண்டு செவிலியாக இருந்தவர், முன்பின் அறியாத நூறு பேரின் கால்களைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தவர், தம் மாமியாரின் நடையைப் பார்க்கவில்லை. ஆசிரியராய் இருந்தவர் மட்டும் என்ன, பெற்ற தாயின் முகத்தைப் பார்த்தாரா? வீட்டில் அமர்ந்து, வராத கேட்போருக்காகப் பேச்சுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

“என்ன அத்தை இது?” என்று கேட்டதற்கு அன்னையார், குற்றம் செய்த பிள்ளைபோல் தலை குனிந்தார். தண்ணீர்த் தொட்டியருகே மயங்கி விழுந்தாராம். பக்கத்து வீட்டு அம்மையார் ஓசை கேட்டு ஓடிவந்து தூக்கினாராம். இடுப்பில் அடியும் மயக்கமும் இருந்தமையால் உள்ளூர் மருத்துவர் திருப்பதிக்குப் போகச் சொல்ல, எழுபது கிலோமீட்டர் வண்டி வைத்து அழைத்துச் சென்று, இரண்டு இரவு மருத்துவமனையில் உடனிருந்தாராம். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. ஆயினும் பத்து நாள் படுக்கை. குளிப்பாட்டியதும், கஞ்சி கொடுத்ததும், இரவில் தரையில் பாய் விரித்துத் துணை படுத்ததும் அந்த அம்மையாரே.

“எங்களிடம் தொலைபேசியில் சுகமாக இருப்பதாகச் சொன்னீர்களே!”

“ஆண்டவர் வேலையா போன பிள்ளைகளை நடுவழியில கூப்பிடலாமா? அதான் அந்தப் பொண்ணையும் சொல்லக்கூடாதுன்னு தடுத்தேன்” என்றார்.

அன்று மாலையே பக்கத்து வீட்டிற்குச் சென்றோம். பதினெட்டு ஆண்டுகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட வீடு. அவருடைய கணவர் வெல்ல மண்டியில் கணக்கெழுதுபவர். வாசற்படி தாண்டி அதற்கு முன் நான்கைந்து முறை உள்ளே சென்றிருப்போம், அவ்வளவே. நன்றி சொல்ல வாய் எழாமல் நின்றோம். அவரோ, “பெத்தம்மாவுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வேன், அன்னா? காபி குடிக்கிறீர்களா, வதினா?” என்று தம் தெலுங்குத் தமிழில் பேச்சை மாற்றினார். அவருடைய மகன்தான் மற்றொரு செய்தியைச் சொன்னான். அந்த வாரம் அவர்கள் குடும்பத்தோடு திருமலைக்குச் செல்ல ஏற்பாடு செய்திருந்தனராம். தரிசனச் சீட்டும் வாங்கியிருந்தனராம். அந்தச் சீட்டின் நாளில் அம்மையார் திருப்பதியில்தான் இருந்தார். மலையடிவாரத்து மருத்துவமனையில், எங்கள் அன்னையாரின் கட்டிலருகே. சன்னலிலிருந்து மலை தெரிந்ததாம். ஏறாமலே திரும்பிவிட்டார்.

“மலை எங்கே போய்விடும் அன்னா?” என்றார் அவர். எங்களால் விடை கூற இயலவில்லை.

இங்கு ஒன்றை மறைத்தல் தகாது. அவர் ஒவ்வொரு முறை திருமலை சென்று வந்தபோதும் எங்கள் வீட்டிற்கு லட்டு கொண்டுவந்து கொடுப்பது வழக்கமாக இருந்தது. நாங்கள் இன்முகத்தோடு வாங்கி, உள்ளே வைத்து, வேலைக்கு வரும் பெண்ணிடம் கொடுத்துவிடுவோம். படைத்ததை உண்ணலாமா கூடாதா என்பது எங்கள் சமயத்தில் பவுலடிகள் காலந்தொட்டே விவாதிக்கப்படும் வினா. அதனை இம்மலரில் தீர்க்க முற்படமாட்டோம். உண்ணாமை குற்றமன்று, ஆனால் உண்டதுபோல் நடித்தது குற்றம். சில ஆண்டுகளாக அவர் லட்டு தருவதை நிறுத்தி, அதற்குப் பதில் மண்டியிலிருந்து நல்ல அச்சு வெல்லம் கொண்டுவந்து கொடுத்தார். ஏன் மாறிற்று என்று நாங்கள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. வெல்லத்தை மட்டும் சுவைத்தோம்.

அன்று துணிந்து உண்மையைச் சொன்னோம். அவர் சிரித்தார். “தெரியும் வதினா. அந்தப் பெண் எங்கள் வீட்டிலும்தானே வேலை செய்கிறாள்? உங்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்றுதான் வெல்லம் கொண்டுவந்தேன்” என்றார்.

அவ்வீட்டிலிருந்து எங்கள் வீட்டிற்குப் பத்தடி தூரம். அந்தப் பத்தடியைக் கடந்து திரும்பியதுதான் எங்கள் பயணத்தின் மிக நீண்ட பகுதியாக இருந்தது.

யாழ்ப்பாணம் சென்று மீண்ட மற்றொரு தமிழரை அந்நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டோம். வேதநாயகம் சாமுவேல் அசரியா, நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். வாலிபர் கிறித்தவ சங்கத்தின் செயலராக இருந்த அவர் 1902இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறித்தவர்கள், தொகையில் சிறியவராயினும், தங்கள் கைப்பொருள் கொண்டு தமிழகக் கரைக்குத் தொண்டரை அனுப்பி வந்ததைக் கண்டார். எண்ணிக்கையில் மிகுந்த நெல்லைச் சபை அவ்வாறு ஒருவரையும் அனுப்பவில்லையே என்று நாணினார். ஊர் திரும்பியவர் ஊராரைக் குறை கூறிக்கொண்டிருக்கவில்லை. 1903 பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாவதற்கு முன்னின்றார். ஆறாண்டுகள் கழித்துத் தாமே தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்குச் சென்று, தெலுங்கு கற்று, 1912இல் அங்கே பேராயராகி, 1945இல் மறையும்வரை அம்மக்களிடையே வாழ்ந்தார். 1910இல் எடின்பரோ மாநாட்டில் மேனாட்டுத் தொண்டர்களிடம் அவர் வேண்டியது, கொடையை மட்டும் தருவது போதாது, நட்பைத் தாருங்கள் என்பதே.

அவர் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்தது நாணம். நாங்கள் கொண்டுவந்தது பெருமிதம். இரண்டுக்கும் பயணச் செலவு ஒன்றுதான். பெருமிதம் எங்களை வீட்டில் அன்னியராக்கிற்று. பெட்டியடியில் கிடைத்த சீட்டு அந்த நாணத்தைக் காலந்தாழ்த்தியேனும் எங்களுக்குக் கொடுத்தது. அதன் பிறகே வீட்டில் கால் ஊன்ற முடிந்தது.

அப்படியாயின் யாழ்ப்பாணம் போனதே தவறா என்று எங்களை நாங்களே வினவிக்கொண்டோம். அன்னையாரிடமும் கேட்டோம். “போகாம இருந்திருந்தா இவளோட அருமை எனக்கும் தெரிஞ்சிருக்காது, உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது” என்றார். முகாமில் கட்டிய புண்கள் ஆறியிருக்கும். கணக்கு கற்ற பிள்ளைகளுள் சிலரேனும் தேர்வில் வென்றிருப்பர். அதனை நாங்கள் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் தொண்டு என்பது பெட்டி கட்டிக்கொண்டு செல்லும் இடத்தில் மட்டும் இருக்கிறது என்று எண்ணியது பிழை. பெயரும் கூட்டமும் பத்து மணித்துளி மேடையும் இல்லாமல், சுவருக்கு அப்பால் அது நடந்துகொண்டிருந்தது.

அடுத்த மாதம் அந்தக் குடும்பம் திருமலை சென்றது. அவர்களுடைய மாமியார் நடக்க இயலாதவர். அந்த இரண்டு நாளும் அவரை எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டோம். இரு கிழவியரும் ஒருவர் மொழியை மற்றவர் பாதி புரிந்துகொண்டு இரவெல்லாம் பேசிச் சிரித்தனர். திரும்பி வந்த அம்மையார் வழக்கம்போல் வெல்லம் கொடுத்தார். நாங்கள் கிறிஸ்துமஸ் நாளுக்குச் செய்வதுபோல் அதிரசம் சுட்டுக் கொடுத்தோம். ‘அங்கே' என்னும் சொல் எங்கள் வாயில் மெல்ல மெல்லக் குறைந்தது. குழாயை மூடவேண்டுமானால், பேசாமல் எழுந்து போய் மூடக் கற்றுக்கொண்டோம். மாம்பழ உழவரைக் கண்டால் முதலில் விலையைக் கேட்கிறோம்.

2021இல் அன்னையார் இறைவனடி சேர்ந்தார். நோய்த்தொற்றுக் காலம், உறவினர் பலரால் வர இயலவில்லை. இறுதி இரவில் கட்டிலின் ஒரு பக்கம் நாங்கள் அமர்ந்திருந்தோம். மறுபக்கம் அந்த அம்மையார் அமர்ந்திருந்தார். யாரும் அவரை அழைக்கவில்லை.

2022இல் மாவட்டங்களை மறுபடியும் பிரித்தபோது திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே இன்னும் ஓர் எல்லை விழுந்தது. எல்லைகள் மாறுவது எங்கள் ஊருக்குப் புதிதன்று. ஆட்சியாளர் வரையும் கோடுகளைவிட, நாமே வரைந்துகொண்டு அதன் மேல் வீடு கட்டிய கோடுகள்தாம் கடத்தற்கரியன.

“உங்கட அம்மா இப்ப ஆரோட இருக்கிறா?” என்று வன்னி மூதாட்டி கேட்டதற்கு, பக்கத்து வீட்டில் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று அன்று விடை சொன்னோம். பேச்சுக்குச் சொன்ன விடை அது. அவ்விடை உண்மையாக இருந்ததற்கு நாங்கள் காரணம் அல்லோம். அதனை உண்மையாக்கியவர் இன்று மாலையும் சுவருக்கு அப்பாலிருந்து, “வதினா, கறிவேப்பிலை இருக்கிறதா?” என்று குரல் கொடுத்தார். எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பறித்துக் கொடுத்தோம்.